நேர்காணலுக்கு நாலு பேர்

எங்கள் சித்தேரி மலையில் நல்ல காரியத்துக்கு ஒற்றை ஆளாகப் போகிற வழக்கமில்லை. பெண் பார்க்கவோ மாடு பிடிக்கவோ நாலு பேர் சேர்ந்துதான் போவோம். ஆனால் எம்.எஸ்ஸி. கடைசி வருடத்தில், என் வேலை நேர்காணலுக்கும் அப்படியே கிளம்புவார்கள் என்று நான் நினைக்கவேயில்லை. அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை. காலை முதல் பஸ்ஸில் என்னோடு மலையிறங்கி, தருமபுரியில் பல்கலைக்கழக வளாகத்துக்கே வந்துவிட்டார்கள்.

"எல்லாரும் தனியாத்தான் வருவாங்க. நீங்க பஸ் ஸ்டாண்டுலயே இருங்களேன்" என்று சிடுசிடுத்தேன்.

"அவங்க வழக்கம் அவங்களுக்கு" என்று பெரியப்பா வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். கூடப் படித்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானமே போனது.

ஒரு விதைக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். பாடத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் நேர்காணல் செய்த பெண் அதிகாரி, "ஓசூர்ல வேலை. வீட்ல அனுப்புவாங்களா?" என்றார்.

அனுப்ப மாட்டார்கள் என்றுதான் படிக்கிற காலமெல்லாம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தால் போதும் என்றும் சொல்வேன். உண்மையில் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. பயம் எனக்கு. பழியை அவர்கள் தலையில் போட்டிருந்தேன்.

"வெளியதான் இருக்காங்க மேடம். கேட்டுட்டு வரட்டுமா?"

அவர் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

மரத்தடிக்கு ஓடிப்போய்க் கேட்டேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானம்மா வந்திருக்கறோம். எந்த ஊரு, தங்க வூடு கெடைக்குமா, இதெல்லாம் விசாரிக்க ஆளு வேணாமா?"

"ஓசூருக்கு பஸ்ஸு நெறைய இருக்குது" என்றார் அத்தை.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ போறியா, அதச் சொல்லு" என்றார் அம்மா.

அந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "போறேம்மா" என்றேன். உள்ளே வந்து அதையே சொன்னேன்.

ஓசூரில் இது நாலாவது வருடம். வேலை பிடித்திருக்கிறது, நிம்மதியாக இருக்கிறேன். போன மாதம் பெரியப்பா மகளுக்கு அதே வளாகத்தில் நேர்காணல். "நான் தனியா போய்க்கறேன், யாரும் வர வேணாம்" என்று முறைத்தாள். அவளோடு போக மூன்று பேர் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய், அதே வேப்ப மரத்தடியில் நாலாவது ஆளாக உட்கார்ந்தேன்.