ஒற்றை விசில்

விஜயநகரில் எங்கள் சமையலறைக்கும் பக்கத்து வீட்டு சாவித்திரி அக்காவின் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். குக்கர் விசில் இரண்டு பக்கமும் கேட்கும்.

போன மாதம் அவர் கேட்டார்: "ஏம்மா, உங்க குக்கர் ஒரு விசிலோட நின்னுடுது. கேஸ் தீந்துபோச்சா?"

"இல்லக்கா. பருப்பை ராத்திரியே ஊறவெச்சுட்டா ஒரு விசில்ல அணைச்சுடலாம், அந்தச் சூட்டுலயே வெந்துடும். சிலிண்டர் பத்து நாள் கூட வருது."

"ஹௌதா, அப்படியா? ஆறு விசில் வராம அது என்ன சாம்பார்?"

அன்றிலிருந்து அவருக்கு என் பெயரே "ஒத்த விசில்".

இன்று காலை அவர் வீட்டில் ஒரு விசில் கேட்டது. கையில் கரண்டியோடு அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவே இல்லை.

சுவரைத் தட்டி, "என்னக்கா, கேஸ் தீந்துபோச்சா?" என்று கேட்டேன்.

மத்தியானம் அவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சாம்பார் வந்தது. பருப்பு மசிய வெந்திருந்தது.

உங்கள் பக்கத்து வீட்டில் எத்தனை விசில்?