அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான்

என் கைபேசியில் அந்த விளையாட்டைத் திறந்தால் நண்பர் பட்டியலின் கடைசியில் அண்ணனின் பெயர் மங்கிக் கிடக்கும். பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் விளையாட வந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடங்களாக அது எரியவில்லை.

அம்மா போன பிறகு நாங்கள் நேரில் பேசிக்கொள்ளவில்லை. கடைசி நாட்களில் அவளை யார் பார்த்துக்கொண்டது என்ற சண்டை. இருவருமே வாய்க்கு வந்ததைப் பேசினோம், நான் கொஞ்சம் அதிகமாக. அவனுக்கு நசரத்பேட்டையில் கிரில் பட்டறை, எனக்குக் கள்ளிக்குப்பத்தில் அடுக்குமாடி வீடு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் ஏழு மணிக்கு இருவரும் ஒரே அணியில் துப்பாக்கியோடு நிற்போம். மூன்றாவது ஆள் என் அலுவலகத் தோழி. "இந்தா பாப்பா, மருந்துப் பெட்டி போட்டுகீறேன், எடுத்துக்கோ" என்பான் ஹெட்செட்டில். தனக்கு அடிபட்டிருந்தாலும் எனக்குத்தான் முதலில் தருவான். விளையாட்டில் வீட்டுப் பேச்சு கூடாது என்பது நான் போட்ட சட்டம். மீறினால் என் கைபேசியில் மட்டும் அவன் குரலை அணைத்துவிடுவேன். அணைத்தது அவனுக்குத் தெரியாது, பேசிக்கொண்டே இருப்பான். எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஒரு நாள் கடைசிச் சுற்றில், "பாப்பா, அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தான். அணைத்தேன். அவன் உருவம் சுடுவதை விட்டுவிட்டு என் எதிரே வந்து நின்றது. வைத்திருந்த மருந்தையெல்லாம் என் காலடியில் போட்டது. அள்ளிக்கொண்டு ஓடினேன். ஜெயித்தோம்கூட. மறுநாள் முதல் அவன் வரவில்லை. ரோஷக்காரன், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் முதல் வருஷப் படையலைத் தனியாகப் போட்டேன். அடுத்த வாரம் தோழி கேட்டாள்: "படையலுக்கு உங்க அண்ணன் வந்தாராடி? கடைசியா ஆடுன அன்னிக்கு, 'சேர்ந்து படைக்கலாம், உன் ஊட்டுக்கே வர்றேன், தப்பு என் மேலதான்'னு அவ்ளோ கெஞ்சினாரு. நீ பதிலே பேசல. குடும்ப விஷயம்னு நானும் வாய மூடிகினு இருந்தேன்."

அன்றைக்கே நசரத்பேட்டைக்கு ஓடினேன். "எனக்குக் கேக்கலண்ணா" என்றேன்.

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னான்: "நாலு தபா கேட்டேன் பாப்பா. மருந்துப் பெட்டின்னா மட்டும் கேக்குது?"

நான்தான் அணைத்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அணைப்பை என்றோ எடுத்துவிட்டேன். பூந்தமல்லி பஸ் பிடித்து அவன் பட்டறைக்குப் போனால் நேரிலேயே சொல்லிவிடலாம், அதற்குத்தான் வாய் வரவில்லை. தினமும் ஏழு மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரைப் பார்க்கிறேன். அவன் என்ன பேசினாலும் இப்போது எனக்குக் கேட்கும்.