முகம் தெரியாதவர்களைச் சேர்த்துவைத்த ஏகாம்பரம் சார்

“மூர்த்தி, சார் போயிட்டாருப்பா. கம்ப்யூட்டர்ல இருக்கறவங்களுக்கு நீதான் சொல்லணும்.”

சரோஜா அம்மா போனில் சொன்னபோது கடையில் யாரும் இல்லை. இப்போதெல்லாம் பிரவுசிங் சென்டர் பக்கம் யாரும் வருவதில்லை. ரிசீவரை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். காரியமெல்லாம் முடிந்து இதை எழுதும்போதும் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது உடம்பு. ஆறாவதோடு நின்றவன் நான். தப்பிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏகாம்பரம் சார் நம் ஊர்க் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். சரோஜா அம்மாவின் கணவர். பழைய ஏரி, மதகு, வாய்க்கால் என்றுதான் அவருடைய ஆராய்ச்சி முழுக்க. திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் செங்கம் ரோட்டில் நான் எஸ்.டி.டி. பூத் போட்டேன். வெளியூர் நண்பர்களிடம் பேச அங்கே வந்தவர், பேசி முடித்ததும் என்னிடம் பேச உட்கார்ந்துவிடுவார்.

“ஏரியில தண்ணியே இல்ல, இன்னா சார் தேடறீங்க?” என்பேன்.

“தண்ணி இல்லாததாலதான்டா ஆராய்ச்சி. இருந்தா குளிச்சிட்டுப் போயிருப்பேன்.”

எந்த ஊரில் மாநாடு என்றாலும் ஓடுவார். திரும்பி வந்ததும் யார் யாரோடு சண்டை போட்டார், யார் மகளுக்கு வரன் அமைந்தது என்றெல்லாம் சொல்வார். “மேடையில இன்னா சார் பேசுனாங்க?” என்று ஒருநாள் சீண்டினேன். “அது அச்சுல வரும். டீ குடிக்கறப்ப பேசறதுக்குத்தான்டா பஸ் ஏறிப் போறது” என்றார்.

ஒரு மதகைப் பார்க்கப் போனபோது ஏரிக்கரையில் சறுக்கி விழுந்தார். முதுகில் பலமான அடி. பஸ்ஸில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வராதவருக்கு எதற்கு என்று அழைப்பிதழ்களும் மெல்ல நின்றன. அதற்குள் என் பூத்தும் பிரவுசிங் சென்டர் ஆகியிருந்தது. “நான் போக முடியலன்னா என்ன, மாநாட்டை இங்க வரவைப்போம்டா” என்றார்.

கம்ப்யூட்டரில் குரல் மட்டும் கேட்கும்படி ஏற்பாடு செய்தோம். சாரின் ஆராய்ச்சி நண்பர்கள் அவரவர் ஊரிலிருந்து கட்டுரை படித்தார்கள். நன்றி சொன்னார்கள். சொன்ன கையோடு திரையில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சார் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத்தானே சார் நடந்துச்சு? ஒருத்தரும் தூங்கல. தூங்கியிருந்தாலும் நமக்குத் தெரியாது” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஒருத்தரும் எப்படி இருக்கேன்னு கேக்கலடா. இப்படியே போனா என்னை மறந்துடுவாங்க.”

அடுத்த மாநாட்டுக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்தார். அன்று பௌர்ணமி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருமே காலண்டரைப் பார்க்கவில்லை! கோலாலம்பூரிலிருந்து ஆசிரியை கஸ்தூரி கட்டுரை படிக்கும்போது, கடை வாசலில் கிரிவலக் கூட்டம் நெரிந்தது. அரோகரா சத்தமும் பலூன்காரன் பீப்பீயும் மைக்குக்குள் புகுந்தன.

“சார், அங்க என்ன சத்தம்?” என்று கஸ்தூரி அம்மா நிறுத்தினார்.

சார் பதறி மன்னிப்புக் கேட்டு, கிரிவலம் என்றார். “எங்கப்பா போளூர்ப் பக்கம் சார். சின்ன வயசுல அந்த மலையைச் சுத்தினத எஸ்டேட்ல ஓயாம சொல்வாரு. கொஞ்சம் மைக்கை வெளிய காட்டுங்களேன்” என்றார் அவர். வயர் எட்டுமட்டும் இழுத்து வாசலில் நின்றேன். நடந்துபோன ஒரு அம்மா, “இன்னாப்பா, பாடப்போறியா? சீக்கிரம் பாடு, கால் வலிக்குது” என்றதும் கம்ப்யூட்டருக்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மதுரையிலிருந்து பேசிய தாவூது சார் தங்கள் தெருத் தர்காவின் சந்தனக்கூடு ஊர்வலத்தைப் பற்றி ஆரம்பித்தார். மீதிக் கட்டுரைகளை யாரும் படிக்கவில்லை. யாரும் கிளம்பவும் இல்லை.

அதற்குப் பிறகு சார் மாநாட்டையே மாற்றிக் கட்டினார். கட்டுரைகளை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். முதலில் அவரவர் ஊர்ச் சத்தம் ஒன்றைக் கேட்கவைக்க வேண்டும். நடுநடுவே இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார். அப்போது ஆராய்ச்சிப் பேச்சு எடுக்கக் கூடாது. நன்றியுரை முடிந்தும் இணைப்பு திறந்தே இருக்கும். அரட்டை ஜாஸ்தி, ஆராய்ச்சி கம்மி என்று ஒருவர் குறைப்பட்டார். “கட்டுரையைத் தபால்ல அனுப்பிடலாம் ஐயா, மனுஷனை அனுப்ப முடியாதே” என்றார் சார்.

சரோஜா அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கையில்லை. “மொகம் தெரியாதவங்கள்லாம் சொந்தமாங்க? நாளைக்கு ஒண்ணுன்னா இவங்களா வந்து நிப்பாங்க?” என்று என் எதிரிலேயே கேட்டார். சார் அடுத்த மாநாட்டுக்குத் தேதி பார்க்கக் காலண்டரைப் புரட்டினார்.

சார் இறந்த அன்று சேதி சொல்ல நானே மைக்கில் பேசினேன். காரியம் என்றைக்கு என்றும் சொன்னேன். காரியத்துக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். மதுரை பஸ்ஸிலிருந்து தாவூது சார் முதலில் இறங்கினார். பின்னாலேயே சென்னை பஸ்ஸில் வந்த ஒரு அம்மா பூக்காரியிடம் வழி கேட்க, அந்தக் குரலுக்குத் தாவூது சார் திரும்பினார்.

“கஸ்தூரியா?”

“தாவூது சார்!”

அதுவரை ஒருவரையொருவர் பார்த்தவர்கள் இல்லை. இரண்டு பேரும் அழுதார்கள். நான் இரண்டு பேர் பையையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஏரிக்கரையில் காரியம். இந்த வருஷ மழைக்கு ஏரியில் தண்ணீர் இருந்தது. சாரின் மகன் தலை முழுகிக் கரையேறினான். சொந்தக்காரர்கள் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். தாவூது சார் மதகைக் காட்டி, “இது நாயக்கர் காலத்து வேலைம்மா” என்றார்.

“இல்ல சார், கல்லைப் பாருங்க. இன்னும் பழசு.”

“அட, எந்தக் கல்லைச் சொல்றீக?”

குரல் உயர்ந்தது. காரியம் நடக்கிற இடத்தில் என்ன பேச்சு என்று அடக்கப் போனேன். சரோஜா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வுடு மூர்த்தி, பேசட்டும். அவரு இருந்தா இந்நேரம் நடுவுல பூந்திருப்பாரு.” அழுது வீங்கிய முகத்தோடு நகர்ந்து போய் அந்த இருவருக்கும் நடுவில் நின்று, “எந்தக் கல்லும்மா?” என்று கேட்டார்.

போய் வாருங்கள் சார். உங்கள் ஆட்கள் வந்து நின்றார்கள்.