அத்தை கைக்கு மாறிய வளைகாப்பு வளையல்கள்

போன வருஷம், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் எனக்கு வளைகாப்பு நடந்த அன்று மத்தியானம். ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். சீர்த் தட்டுகளுக்கு நடுவே ஒரு பூனைக்குட்டி புகுந்துவிட்டது. அவ்வளவு பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு நானே குனிந்தேன், என் புத்தியைப் பாருங்கள்! குட்டியைத் தொட்டதுதான் தாமதம், கட்டிலுக்கு அடியிலிருந்து தாய்ப்பூனை பாய்ந்து வலது கையைப் பிறாண்டிவிட்டது. வளையல்களுக்கு இடையில் ரத்தம் கசிந்தது.

ஒரு சித்தி காயத்தில் அப்ப மஞ்சளை எடுத்துக்கொண்டு வந்தாள். "பூனைதானே, நாய் இல்லையே" என்றாள் இன்னொருத்தி. பூனை மூலமாகவும் வெறிநோய் வரும் என்று படித்திருக்கிறேன். ஊசி போட்டால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ?

கணவர் குரோம்பேட்டையில் நான் காட்டும் டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். "கர்ப்பிணிக்கும் தாராளமா போடலாம், போடாம விட்டாத்தான் ஆபத்து. முதல்ல குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவுங்க, மஞ்சள் கிஞ்சள் வேண்டாம், உடனே கிளம்பி வாங்க" என்றார் அவர்.

அத்தனை வளையலோடு எப்படிக் கழுவுவது? காயத்தில் சோப்பு படவே இல்லை. "பிரசவம் வரைக்கும் கழற்றவே கூடாதுடி" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நானாகக் கழற்றவும் துணிச்சல் வரவில்லை.

அப்போதுதான் என் மாமியார் சமையலறையிலிருந்து வந்தார். மாமா இறந்ததிலிருந்து விசேஷம் என்றால் அடுப்படியை விட்டு வரமாட்டார். நான் கூப்பிட்டும் எனக்கு வளையல் போட வரவில்லை. "கையைக் குடும்மா" என்று குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், சோப்பு நுரையிலேயே வழுக்கவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். "ஐயோ, கீழ வச்சிடாதீங்க!" என்று அம்மா அலறினாள். அத்தை ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அத்தனையையும் தன் வெறுங்கையில் மாட்டிக்கொண்டார்.

"என் கையில இருக்கட்டும் சம்பந்தியம்மா" என்றார். கழுவி முடித்ததும் அப்படியே என்னோடு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி ஊசி, தோளில் தடுப்பூசி. உயிர் போய் வந்தது. பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியும் மனசு கேட்கவில்லை, அசைவே தெரியவில்லையே! திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஆட்டோ நின்றது. "அத்தை, அசையல அத்தை" என்றேன். அவர் என் வயிற்றருகே கையைக் கொண்டுவந்து வளையல்களைக் குலுக்கினார். உள்ளே ஒரு உதை. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

மீதி ஊசிகளுக்கும் அந்த வளையல் கையோடுதான் கூட வந்தார். தெருவில் சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டுமே! பிரசவம் ஆன பிறகு, வழக்கப்படி பேறு பார்த்த நர்ஸுக்கு அவற்றைக் கழற்றிக் கொடுத்ததும் அத்தைதான்.

மகளுக்குப் பேர் வைத்த அன்றும் அடுப்படிக்கு நழுவப் பார்த்தார். விடுவேனா? பிடித்து உட்கார வைத்து, குழந்தைக்கு முதல் வளையலை அவர் கையால்தான் போட வைத்தேன். எங்கள் ரெண்டு பேருக்காகவும் பயப்படாமல் நீண்ட கை அது, அதைவிட மங்கலமான கை எனக்குத் தெரிந்து இல்லை.