நாலும் பத்துது

லின்ஃபீல்ட் ரவீந்திரன் பொய் சொல்கிறார். அவருடைய ஹில்மன் காரின் சிக்னல் வயரிங்கை நான் கெடுத்துவிட்டேன் என்று ஆக்லாந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கெடுத்தவர் அவர்.

தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக என் அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி நம் சங்கத்தின் ஆண்டு மலர்க் குழு கேட்டது. கொஞ்சம் சிரிப்பாக இருக்கட்டும் என்றார்கள். இது சிரிப்பான கதைதான். ஆனால் ரவீந்திரனின் பெயரை எடுத்துவிட்டுப் போடுவதாக இருந்தால் கட்டுரையைத் திருப்பித் தந்துவிடுங்கள்.

நான் ஆட்டோ எலக்ட்ரிஷியன். மலேசியாவில், கிள்ளானில் லாரிகளுக்கு வயரிங் பார்த்துப் பழகியவள். இங்கே சொந்தமாக ஒரு வேன் வைத்து, கூப்பிட்ட இடத்துக்குப் போய் வேலை செய்கிறேன். ரவீந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர். வாரநாளில் ஏர்போர்ட் ஷட்டில் ஓட்டுவார். சனி, ஞாயிறுகளில் தன் பழைய ஹில்மனைப் பூ வைத்து அலங்கரித்துக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுவார். அழகான கார். அதை நான் மறுக்கவில்லை.

பல்ப் மாற்றுவது மட்டும் வேலை இல்லை

ஒரு நாள் காரை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அக்கா, பகலில என்ர சிக்னல் ஒருத்தனுக்கும் தெரியுதில்லை. மோட்டர்வேயில ஒரு ட்ரக்குக்காரன் வந்து இடிக்கப் பாத்தவன். எல்ஈடி போட்டுத் தாங்கோ."

"போடலாம். பல்ப மட்டும் மாத்துனா வேல ஆவாது ரவி. பிளாஷரயும் மாத்தணும்."

"பழைய பல்பைக் கழட்டி புதுப் பல்பைப் போடுறதுதானே? அதுக்கேன் இவ்வளவு கதை?"

"அப்போ நீங்களே போட்டுக்குங்க லா."

போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். சிக்னல் விட்டு விட்டு எரியாமல் அப்படியே நின்று எரிந்ததாம். அதை அவர் முதலில் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் அப்படித்தான். முன்னாலேயே என்ன செய்து பார்த்தார்கள் என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விஷயம் இதுதான். பழைய பிளாஷர் சூட்டில் வேலை செய்வது. பல்ப் இழுக்கிற கரண்ட் அதைச் சூடாக்கும், உள்ளே தகடு வளையும், அதனால் விட்டு விட்டு எரியும். எல்ஈடி மிகக் குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும். தகடு சூடாகாது. எலக்ட்ரானிக் பிளாஷர் போட வேண்டும். ஆரஞ்சுக் கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு எல்ஈடிதான் போட வேண்டும். அவர் வாங்கி வைத்திருந்த வெள்ளை எல்ஈடி வெளிறிப்போய்த் தெரிந்தது.

இது முடிந்ததும் அடுத்த வம்பு. டாஷ்போர்டில் சிக்னலுக்கு ஒரே ஒரு பச்சை விளக்கு. அதன் ஒரு வயர் இடப்பக்கச் சிக்னலுக்கும் மற்ற வயர் வலப்பக்கச் சிக்னலுக்கும் போகும். பழைய பல்ப் இருக்கும்வரை அதில் தொல்லை இல்லை. எல்ஈடி போட்டால், இடப்பக்கம் சிக்னல் போடும்போது அந்தப் பச்சை விளக்கு வழியாகக் கொஞ்சம் கரண்ட் வலப்பக்கத்துக்குப் போய்விடும். எல்ஈடிக்கு அந்தக் கொஞ்சமே போதும். நாலு மூலையும் சேர்ந்து மின்னும். பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் திரும்புகிறீர்களா, கார் நின்றுவிட்டதா என்று ஒன்றும் புரியாது.

அதற்கு வழி இரண்டு டையோடு. கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்னச் சாமான். பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுப் பச்சை விளக்கின் ஒரு வயரில் சேர்த்து, மற்ற வயரை எர்த்தில் கட்டினேன். சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். நான் டேப் சுற்றுகிறவள் இல்லை. என் வேனில் இன்சுலேஷன் டேப்பே கிடையாது.

கார் அதற்குப் பிறகு வாரண்டுக்கு, அதாவது ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற சோதனைக்குப் போய்ப் பாஸானது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாலும் சேர்ந்து மின்னுகிற காருக்கு இந்த நாட்டில் எவனும் வாரண்ட் ஒட்ட மாட்டான்.

கல்யாண நாள்

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. நான் ஒடாஹுஹுவில் ஒரு பேக்கரி வேனுக்குக் கீழே படுத்திருந்தேன். ரவீந்திரன் போன் செய்தார்.

"அக்கா, கெதியா வாங்கோ. நாலும் பத்துது!"

எங்கள் ஊரில் விளக்கு எரியும். பத்திக்கொண்டால் பொம்பாவைக் கூப்பிட வேண்டும், தீயணைப்பு வண்டியை. யாழ்ப்பாணத்தில் விளக்கும் பத்தும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"பத்திக்கிச்சா? ஐயோ, மொதல்ல காடிய விட்டு எறங்குங்க!"

"இறங்கீட்டன். வெளியில நிண்டுதான் பாக்கிறன். வடிவாப் பத்துது."

"உள்ள யாரு இருக்கா?"

"பொம்பிளையும் மாப்பிள்ளையும் பின் சீட்டில இருக்கினம்."

"அவங்கள எறக்குங்க ரவி!"

"ஏன் அக்கா? அவை இருக்கட்டும். நல்ல நேரம் போகுதெல்லே."

போனை வைத்துவிட்டேன். இந்த மனுஷனுக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். அதில் மட்டும் பெரிதாகத் தப்பில்லை.

அன்று பாபடோயிட்டோயில் கல்யாண ஓட்டம் என்று முன்பே சொல்லியிருந்தார், அந்த மண்டபம் எனக்குத் தெரியும். வேனை மண்டப வாசலில் வழியை மறித்து நிறுத்தி, தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காரைச் சுற்றிக் கூட்டம். நாலு மூலையும் மின்னுகிறது. பானட்டுக்கு முன்னாலிருந்து புகை கிளம்புகிறது. நான் எதையும் கேட்கவில்லை. பின்னைப் பிடுங்கினேன், பவுடரை அடித்தேன்.

அது கற்பூரம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புகிற தம்பதிக்காகக் காருக்கு முன்னால் ஒரு அம்மா தட்டில் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். தட்டு, அந்த அம்மா, காரின் முகப்பில் இருந்த பூ, டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் எல்லாம் வெள்ளை. சத்தம் கேட்டு இறங்கி வந்த மாப்பிள்ளையின் வேட்டி ஏற்கெனவே வெள்ளை. அவர் தப்பித்தார்.

"ஆர் இது? ஃபயர் பிரிகேட்டுக்கு ஆர் சொன்னது?" என்றார் ஒரு பெரியவர்.

"கூல்! டூ இட் அகெய்ன்!" என்றாள் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண்.

ரவீந்திரன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் லைற் பத்துதெண்டெல்லோ சொன்னனான்!"

"எரியுதுன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"எரியுதெண்டா நீங்கள் இன்னும் கெதியா வந்திருப்பியள்!"

கூட்டம் சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. என் டையோடு இரண்டையும் காணோம். பச்சை விளக்கின் வயர்கள் பழையபடி இரண்டு பக்கச் சிக்னலிலும் முறுக்கி, மேலே நீல டேப் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு புத்தம்புது ஆம்ப்ளிஃபயர். அதற்கும் அதே நீல டேப். பின் சீட்டுக்குக் கீழே ஸ்பீக்கர். கல்யாண ஊர்வலத்துக்கு நாதஸ்வரம் வேண்டுமாம்.

"யாரு இத நோண்டுனது?"

"நான் ஒண்டையும் தொடேல்லை அக்கா."

நேரம் போய்க்கொண்டிருந்தது. பச்சை விளக்கின் பல்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு பக்கத்துக்கும் இடையில் இருந்த வழி அறுந்தது. இடப்பக்கம் போட்டால் இடப்பக்கம் மட்டும் மின்னியது. எல்லோரும் பார்த்தார்கள். பவுடரைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நாதஸ்வரம் நன்றாகவே கேட்டது.

அதற்குப் பிறகு

அடுத்த வாரமே கதை மாறிவிட்டது. நான் வயரைத் தப்பாகக் கட்டினேனாம். அதனால்தான் கல்யாணத்தில் மானம் போனதாம். "பொம்பிளையளிட்ட வயரிங் குடுத்தா இப்பிடித்தான்" என்று ரவீந்திரன் ஒரு பிறந்தநாள் விருந்தில் சொன்னதை, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களே என்னிடம் வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டு, தங்கள் காரை வேறு ஆளிடம் கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரர் கூப்பிடுகிறார்கள், சமோவாக்காரர் கூப்பிடுகிறார்கள். தமிழ் வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த போன் நின்றுவிட்டது. எனக்குத் தொழிலில் இருப்பது என் பெயர் ஒன்றுதான். நீல டேப் சுற்றிய வேலையை அந்தப் பெயரில் ஒட்ட யாருக்கும் உரிமை இல்லை.

இளையவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். யாராவது போனில் பதறினால், என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். கண்ணுக்கு என்ன தெரிகிறது, தீயா, புகையா, வெளிச்சமா என்று கேளுங்கள். நம் ஆட்களுக்குள் ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஒரு அர்த்தம். இரண்டாவது, வேலை முடிந்ததும் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறேன்.

கற்பூரத்தின்மேல் பவுடர் அடித்தது நான்தான். அதை எத்தனை விருந்தில் வேண்டுமானாலும் சொல்லிச் சிரியுங்கள் ரவீந்திரன், நானும் கூட உட்கார்ந்து சிரிக்கிறேன். வயரிங் தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தப் பச்சை விளக்கின் பல்ப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். விருந்தில் சொன்ன அதே குரலில், மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வாரண்டில் பாஸான காரிலிருந்து என் இரண்டு டையோடையும் கழற்றியது யார்? சொல்லிவிட்டு உங்கள் பல்பை வாங்கிக்கொண்டு போங்கள்.