பளிச்சி கழுவிய மீன் தொட்டி

என் அப்பாவோடு பிறந்தவர்கள் நாலு பேர். கடைசிச் சித்தப்பாவுக்கு மூன்று பெண்கள். நடுவில் உள்ளவளின் கதை இது. பிறந்தபோது வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும். எங்கள் எல்லோருக்கும் அவள் பளிச்சி. அம்மா கழுவி வைத்த தட்டைத் திரும்ப ஒரு தடவை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. பிறகு ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கும் வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வருஷம் துடைத்தாள். அவள் துடைத்த தரையைப் பார்த்துப் பெரிய டாக்டரே செருப்பைக் கழற்றுவாராம். அவளே சொன்னது, பாதி கழித்துக்கொள்ளலாம்.

கட்டிக்கொண்டவர் லேத்துப் பட்டறைக்காரர். அதிகம் பேசமாட்டார். பிள்ளைகுட்டி இல்லை. முன்னறையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் ஏழு தங்கமீன். கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி, பச்சைப் பாசி பிடித்து, அதில் பத்துப் பன்னிரண்டு பொடி மீன். கல்யாணமான மறுவாரமே அவளிடம் ஒரே ஒரு கட்டளை போட்டார்: "வீடு பூரா உன் ராஜ்யம். தொட்டியில மட்டும் கை வைக்காத." அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பதினெட்டு வருஷம் கை வைக்கவில்லை.

அப்புறம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டிக்கு எதிரே கட்டில் போட்டார்கள். ஒத்தாசைக்கு நானும் போய்த் தங்கினேன். அவருக்கு விழுங்குவதே பெரும்பாடு. மீன்களைப் பார்த்தபடி கிடந்தால்தான் வாய் திறப்பார். கட்டிலைச் சற்றுத் திருப்பினாலும் பல்லைக் கடித்துக்கொள்வார்.

வாரம் ஒரு தடவை வந்து எடை பார்க்கிற நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். "இதுக்கு மேல இறங்கிச்சுன்னா மூக்கு வழியா டியூப்தாம்மா."

பளிச்சிக்கு உயிரே போய்விட்டது. டியூப் போட்ட கட்டில்களைச் சுற்றி எத்தனை வருஷம் துடைத்திருக்கிறாள்! திரும்ப வாயால் சாப்பிட்டு எழுந்தவர்களை அவள் ஒரு கை விரலில் எண்ணிவிடுவாள்.

"அவரு பார்த்துச் சாப்பிடுற இடம் இப்படியா இருக்கணும், பெரியக்கா? கண்ணாடியெல்லாம் பாசி," என்றாள் என்னிடம்.

அன்றைக்கே சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். மீன்களை ஒரு வாளியில் விட்டாள். தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டினாள். கூழாங்கல்லைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, மணம் போகும்வரை அலசினாள். தண்ணீரை வடிகட்டுகிற ஸ்பாஞ்ச் கறுப்பாய் வழவழவென்று இருந்தது. அதை வார்டுத் துணி மாதிரி அடுப்பில் வைத்துக் கொதிக்க வைத்தாள். வாசலில் இரண்டு டிரம்மில், படுக்கையில் விழுமுன் அவர் பிடித்துத் திறந்தே வைத்திருந்த பழைய தண்ணீரை, கொசு வரும் என்று சாக்கடையில் சாய்த்தாள். குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டாள்.

லேத்துக்காரர் இடது கையால் கட்டிலை அறைந்தார். ஊ ஊ என்று கத்தினார்.

"இருங்க இருங்க, மூத்திரப் பாத்திரம் வைக்கிறேன்," என்று இவள் ஓடினாள். அவர் பாத்திரத்தைத் தட்டிவிட்டார். "கோவத்தைப் பாரு," என்றாள் என்னிடம். எனக்குமே அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

தொட்டி சாயங்காலம் வைரம் மாதிரி இருந்தது.

மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இரண்டு பிடி தீனி போட்டாள். மூன்றாம் நாள் இரண்டு மிதந்தன. அவர் தூங்கும்போது எடுத்துவிட்டு, கடையில் அதே நிறத்தில் இரண்டு வாங்கிவந்து விட்டாள். அவர் கண் விழித்தார். பார்த்தார். பதினெட்டு வருஷமாய் வளர்த்தவருக்குத் தெரியாதா? முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று ஒரு கரண்டிகூட இறங்கவில்லை.

மறுநாளும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. மீன் இன்னும் மூன்று போனது. புதிதாக வந்ததில் ஒன்றும் போனது. நர்ஸ் வர மூன்று நாள் இருந்தது.

பளிச்சி மீன் கடைக்கு ஓடினாள், பின்னாலேயே நானும். அவள் செய்ததையெல்லாம் வரிசையாய்ச் சொல்லச் சொல்லக் கடைக்காரரின் கண் விரிந்தது.

"ஸ்பாஞ்சைக் கொதிக்க வெச்சீங்களா? மீன் தொட்டி என்னம்மா ஆபரேஷன் தியேட்டரா?"

"அழுக்கா இருந்துச்சுங்க."

"அந்த அழுக்குலதான் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருந்து மீனோட கழிவைத் தின்னுக்கிட்டிருந்துச்சு. அதை வேகவெச்சுட்டீங்க. இப்ப மீனு தன் மூத்திரத்துலயே மூச்சு முட்டுது. அதுல ரெண்டு பிடி தீனி வேற! குழாத் தண்ணியில மருந்து இருக்கும், ஒரு நாள் திறந்து வெச்சுத்தான் விடணும். அதுவும் கால் தொட்டிதான் மாத்தணும். வேற பழைய தொட்டி ஏதாச்சும் இருக்கா வீட்டுல?"

"கொல்லையில ஒண்ணு இருக்கு. ஒரே பாசி. ஞாயித்துக்கிழமை அதையும் கழுவலாம்னு..."

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தாயே, உங்க வீட்டுல உயிரோட இருக்கிற தண்ணி அது ஒண்ணுதான்! மிச்ச மீனை அதுலயே விட்டுடுங்க."

"அவரு பார்க்கணுமே. கட்டில் கொல்லைக் கதவுல நுழையாதுங்க."

"அப்ப அந்தத் தண்ணியில பாதியை எடுத்து உள்ள ஊத்துங்க. அந்தத் தொட்டியிலயும் ஒரு ஸ்பாஞ்ச் இருக்குமே, அதை அப்படியே கொண்டுவந்து இதுல வைங்க. கழுவாம! தீனி நாலு நாளைக்கு மூச்."

கொல்லைத் தொட்டி ஸ்பாஞ்சை அவள் வெறுங்கையால் தூக்கிவந்ததை நான் பார்த்தேன். முழங்கை வரை சேறு வழிந்தது. வைரம் மாதிரி இருந்த தொட்டிக்குள் அதைப் பிழியப் பிழியத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. அவள் அழுதுகொண்டே பிழிந்தாள்.

பிறகு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. நான்தான் கொன்னேன். சுத்தம் பண்றேன்னு கொன்னேன். நீங்க அன்னிக்குக் கத்தினது அதுக்குத்தானே? மூத்திரத்துக்குன்னு நினைச்சேனே, பாவி. என் மேல உள்ள கோவத்தைச் சோத்து மேல காட்டாதீங்க. என்னை அடிங்க. இந்தாங்க, அந்தக் கைதான் நல்லாயிருக்கே."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

அடுத்த நாள் புதிதாக வாங்கியதில் மிச்சமிருந்த மீனும் செத்தது. பழையது இரண்டு மட்டும் மேலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பளிச்சியும் சாப்பிடவில்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை தொட்டியை எட்டிப் பார்ப்பாள், கட்டிலைப் பார்ப்பாள். துடைக்கக் கூடாத இடத்துக்கே தன் கை போகிறது என்று கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் வரும் நாள் காலையில் இரண்டும் மேலே இல்லை. "பெரியக்கா!" என்று அலறினாள். நான் குனிந்து பார்த்தேன். இரண்டும் அடியில், கூழாங்கல்லை வாயில் எடுத்து எடுத்துத் துப்பிக்கொண்டிருந்தன.

அவள் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினாள். அவர் விட்டுக்கொடுத்தார். கலங்கல் தண்ணீருக்குள் நெடுநேரம் பார்த்தார். மசித்த சாப்பாட்டுக் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். வாய் திறந்தது. மூன்று கரண்டி போனது. நாலாவது வெளியே வழிந்தது.

நர்ஸ் எடை பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது. டியூப் உறையைக் கிழிக்கப்போன நர்ஸின் மணிக்கட்டைப் பளிச்சி பிடித்துக்கொண்டாள்.

"மூணு கரண்டி இறங்கிச்சும்மா. என் கண்ணால பார்த்தேன். அக்காவைக் கேளுங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நாளை மறுநாள் வருவேன். அதுக்குள்ள பத்துக் கரண்டியாவது இறங்கணும். இல்லேன்னா நான் உங்களைக் கேட்கமாட்டேன்," என்று உறையைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

பளிச்சி கரண்டியைக் கழுவாமலே மறுபடி கிண்ணத்தில் விட்டாள்.