நான் எழுதிக் கொடுத்த சொல்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஒரு கோபம் மட்டும் போகவில்லை. இதில் பாதி அவள் மேல், மீதி என் மேல்.

அவள் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தின் சமூகப் பணியாளர். பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருக்கிற நடுநிலைப் பள்ளிக்கூடம் அது. யன்னலைத் திறந்தால் மீன்காரர் கூவுவதுதான் முதல் பாடம். நான் அங்கே கிழமையில் மூன்று நாள் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மொழிபெயர்த்துக் கொடுப்பேன். மற்ற நாட்களில் வியா மக்வேதா தெருவில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைக் கூட்டித் துடைப்பேன். நான்கு வருடமாக அவளும் நானும் ஒரே அறையில் வேலை செய்தோம். நான் சுட்டுக்கொண்டு போகும் மீன் ரோல்ஸை எனக்கு முன்பே முடித்துவிடுவாள். என் மகளின் முதல் நற்கருணைக்குச் சேலை கட்டி வந்து, பாதிப் பூசையில் அது அவிழ்ந்தபோது நான்தான் ஓடிப்போய் ஊசி குத்திவிட்டேன். சிநேகிதி என்று நான் சொன்ன இத்தாலியப் பெண் அவள் ஒருத்திதான்.

இரண்டாயிரத்துப் பதினாறோ பதினேழோ, பள்ளிக்கூடத்துக்கு ஒரு செயலி வந்தது. பிள்ளைகள் தங்கள் கைத்தொலைபேசியில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் ஐந்து முகங்களில் ஒன்றை அழுத்தி, அன்றைக்கு மனதில் இருப்பதை ஒரு வரி எழுத வேண்டும். நேரில் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள் போனில் திறப்பார்கள் என்றாள் அவள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எங்கள் பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்லை" என்ற பதில்தானே வரும்.

ஒரு சிக்கல் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகள் தமிழைத் தமிழில் எழுத மாட்டார்கள், ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். அதை எந்த மொழிபெயர்ப்பு இயந்திரமும் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. "உங்கள் பிள்ளைகள் வழக்கமாகப் பாவிக்கிற சொற்களை ஒரு பட்டியலாகத் தா, செயலி உங்கள் மொழியைப் படிக்கட்டும்" என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்து போனது. இத்தனை வருடத்தில் யார் எங்கள் மொழியைக் கேட்டார்கள்? சமையலறை மேசையில் இருந்துகொண்டு மூன்று பக்கம் எழுதினேன். சந்தோசம், கவலை, பயம், பசி, தனிமை. 'பேச்சு' என்ற சொல்லுக்கு விசேடமாகக் குறிப்புப் போட்டேன்: "இந்தியத் தமிழருக்கு இது உரையாடுவது, எங்களுக்கு இது ஏசுவது. அம்மா பேசினா என்றால் அம்மா திட்டினா என்று அர்த்தம்." அவ்வளவு கெட்டிக்காரி நான். 'அடி' என்ற சொல் வந்தபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பக்கத்தில் இத்தாலியத்தில் 'பிக்கியாரே', அடிப்பது, என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

பிள்ளைகளுக்குச் செயலியை விளங்கப்படுத்தியதும் நான்தான். ஏழு பேர் இருந்தார்கள். முன்வரிசையில் இருந்த பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை கையை உயர்த்தினாள்.

"அன்ரி, நாங்கள் எழுதுறதை ஆர் வாசிப்பினம்?"

எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே சொன்னேன். "ஒருத்தரும் வாசிக்க மாட்டினம், பிள்ளை. அவைக்கு முகம் மட்டும்தான் தெரியும். எழுத்து உனக்கு மட்டும்தான். நான் சொல்லுறன்."

அந்தப் பிள்ளையின் குடும்பம் போர் முடிந்த பிறகு வன்னியில் இருந்து வந்தது. தகப்பன் வுச்சீரியாச் சந்தையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார், பின்னேரம் போனால் நடுச்சாமம் தாண்டித்தான் வருவார். தாய் நகரத்தின் மறுகோடியில் ஒரு வயதான இத்தாலியச் சினியோராவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்தாள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. மற்ற நாட்களில் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து, தானே சோறு போட்டுச் சாப்பிட்டுப் படிக்கும். இது எனக்கும் தெரியும், சமூகப் பணியாளருக்கும் தெரியும். பலெர்மோவில் எங்கள் வீடுகளில் பாதி அப்படித்தான் ஓடியது.

மூன்றாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை நான் அறைக்குள் போனபோது அவள் முகம் வெளிறி இருந்தது. ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். இத்தாலிய மொழியில் மூன்று வரி: "அம்மா ஒவ்வொரு நாளும் என்னை அடிக்கிறாள். நான் எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள். எனக்கு அழுகை வரும்." கீழே அந்தப் பிள்ளை எழுதிய மூலமும் இருந்தது. ஆங்கில எழுத்தில், எங்கள் தமிழில்: "அம்மா ஒவ்வொரு நாளும் எனக்கு அடிக்கிறா. எடுக்காட்டி திரும்பத் திரும்ப அடிப்பா. எனக்கு அழுகை வரும்."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இது போன் அடிக்கிறது! அம்மா ஒவ்வொரு நாளும் போன் பண்ணுகிறாள், எடுக்காவிட்டால் திரும்பவும் பண்ணுகிறாள்!" என்று கத்தினேன். நாங்கள் தொலைபேசியில் அழைப்பதை அடிப்பது என்போம். பிள்ளைகள் அதில் 'போன்' என்ற சொல்லையும் விழுங்கிவிடுவார்கள். "எனக்கு அடிச்சவன்" என்றால் கன்னத்தில் அறைந்தான் என்றும் கொள்ளலாம், போன் பண்ணினான் என்றும் கொள்ளலாம். எடுக்காவிட்டால் என்ற சொல்லைப் பார்த்தால் எங்கள் ஆட்களில் யாருக்கும் சந்தேகம் வராது.

சிரித்து முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. இந்த எழுத்து இவள் கைக்கு எப்படி வந்தது?

அவள் மறைக்கவில்லை. சில சொற்கள் வந்தால் செயலி அவளுடைய போனுக்கு எச்சரிக்கை அனுப்புமாம், எழுதிய வரியையும் சேர்த்து. இத்தாலியச் சொற்களை ஏற்கெனவே போட்டிருந்தார்களாம். தமிழுக்குத்தான் என் பட்டியல். ஆரம்பத்தில் இருந்தே அப்படித்தானாம். தெரிந்தால் நான் பிள்ளைகளை எச்சரித்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லவில்லையாம்.

"நீ என்னை வைத்துப் பொய் சொன்னாய்" என்றேன்.

"நான் பிள்ளைகளைப் பாதுகாக்கிறேன்" என்றாள். "அடி என்றால் அடிப்பது என்று எழுதித் தந்தது நீதானே? இப்போது வேறு அர்த்தம் சொல்கிறாய். உன் ஆட்களைக் காப்பாற்றுவதற்குச் சொல்கிறாயோ என்று நான் யோசிக்க வேண்டாமா?"

நான்கு வருடம். உன் ஆட்கள் என்று அவள் வாயில் இருந்து அதற்கு முன்பு வந்ததில்லை. அறிக்கையை அவள் முந்தின நாளே சமூக சேவை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அங்கே தாய் குற்றவாளி என்று முடிவானால் பிள்ளையைக் கொமுனித்தாவுக்கு, அதாவது பெற்றோரிடம் இருந்து பிரித்த பிள்ளைகளை வளர்க்கிற விடுதிக்கு, அனுப்புவார்கள்.

அந்த வியாழக்கிழமை அலுவலகத்தில் இருந்து இரண்டு பெண்கள் அவர்களுடைய வீட்டுக்குப் போனார்கள். கட்டிலைப் பார்த்தார்கள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், பிள்ளையின் கைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு நான் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

தாய் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை.

"நான் என்ரை பிள்ளைக்கு ரெலிபோன் அடிக்கிறது ஒரு குற்றமே, சொல்லுங்கோ? பக்கத்திலை இருக்க ஏலாமத்தானே அடிக்கிறன். சாப்பிட்டியோ, கதவைப் பூட்டினியோ எண்டு வேறை ஆர் கேக்கிறது? அந்த மனுசி இருமினாலும் நான் எழும்பி ஓடவேணும். என்ரை பிள்ளை அழுதால் எனக்குக் கேக்காது."

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "வீட்டுக் கதையை ஏன் ஊருக்கு எழுதினனீ?"

"அன்ரிதான் ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் எண்டு சொன்னவ" என்றது பிள்ளை.

தாயின் கை எழுந்தது. நான் தடுப்பதற்குள் கன்னத்தில் விழுந்துவிட்டது. நல்ல பலமான அறை. அறைந்த கையோடு தாய் அப்படியே நிலத்தில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "இண்டைவரைக்கும் நான் இவளைத் தொட்டதில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். பிள்ளை அழவில்லை. சிவந்த கன்னத்தோடு என்னையே பார்த்தது.

"இதையும் எழுதிக் குடுப்பீங்களோ, அன்ரி?"

விசாரணை ஆறு கிழமை இழுத்தது. ஒவ்வொரு தரமும் நான் அதே உண்மையைச் சொன்னேன்: இந்தச் சொல்லுக்கு எங்களிடம் இரண்டு அர்த்தம், இங்கே இது தொலைபேசி. தாயின் போனில் இருந்த அழைப்புகளைக் காட்டினேன். அந்தப் பிள்ளை அழுவது தாய் பக்கத்தில் இல்லாததற்கு என்று சொன்னேன். அதைச் சமூகப் பணியாளரான அவள் குறித்துக்கொள்ளவே இல்லை. அவளுடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம். பரிசீலிக்கிறோம், வேறு மொழிபெயர்ப்பாளரையும் கேட்கிறோம் என்றார்கள் அலுவலகத்தில். எங்கள் அறையில் அவள் காப்பி போடத் தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ரோல்ஸ் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன்.

கடைசிக் கூட்டத்தில் தாய், பிள்ளை, அலுவலகப் பெண் ஒருத்தி, அவள், நான் என்று ஐந்து பேர் இருந்தோம். அலுவலகப் பெண் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் வருகிறவர். இந்தத் தாய் பிள்ளையை அடித்ததை உங்கள் கண்ணால் எப்போதாவது பார்த்தீர்களா?"

தாய்க்கு இத்தாலிய மொழி அவ்வளவு விளங்காது. பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். அது மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

"இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் போதும்" என்றாள் என் சிநேகிதி. முகத்தில் அத்தனை நிம்மதி. மேசைக்கு மேலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். "உன் சொல் எங்களுக்குப் போதும்." ஆறு கிழமையாக நான் சொன்ன உண்மை ஒன்றையும் நம்பாதவள், அந்த ஒரு பொய்யை உடனே நம்பினாள். விசாரணைக் கோவையை மூடினார்கள். நான் என் கையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே நடைபாதையில் தாய் என்னைக் கட்டிப்பிடித்து, மாதா உங்களைக் காப்பாத்துவா என்று அழுதாள். பிள்ளை தள்ளி நின்று புத்தகப் பையை மாட்டியது. நான் கிட்டப்போய், எல்லாம் முடிந்தது, இனிப் பயமில்லை, மனதில் ஏதும் இருந்தால் என்னிடம் நேரில் சொல் என்றேன்.

"வேண்டாம், அன்ரி" என்றது மரியாதையாக. "நீங்கள் மெய்யெண்டாலும் பொய்யெண்டாலும் ஒரே முகத்தோடைதான் சொல்லுறீங்கள். எனக்குப் பயமாக் கிடக்கு."

தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அது படியிறங்கிப் போனது.